எம்ஜிஆரைக் காணவில்லை

கறுப்புத் திரை. இடது பக்க மேல் மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்". அதற்குக் கீழே கண்ட்ரோல், ஓல்ட், டிலீற் மூன்றையும் ஒன்றாக அமத்தச் சொல்லி இன்னொரு வரி. அமத்தினேன். மறுபடியும் அதே வரி.

எனக்குப் பின்னால் நின்ற மீனவர் சங்கத்துச் செயலாளர் அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "எம்ஜிஆரையோ தம்பி காணேல்ல எண்டுது? அவர் எண்பத்தேழிலயே போயிட்டாரே."

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவருடைய சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். பதினான்கு பக்கக் கணக்கறிக்கை அந்தப் பெட்டிக்குள் கிடந்தது.

அண்ணன் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எம்ஜிஆர் நாவலப்பிட்டியில் பிறந்தவர், இந்த நாட்டுக் கொம்பியூட்டர் அவரைத் தேடினால் குற்றமா? ஆனால் இந்த எம்ஜிஆர் 'மனேஜர்' என்ற சொல்லை நறுக்கி எழுதியது. பூட் மனேஜர். விண்டோஸை எழுப்பிவிடுகிற சின்ன நிரல். விஸ்ரா வந்த காலத்தில் இருந்து அந்தக் கதிரையில் இருக்கிறது. அதற்கு முன் எக்ஸ்பி காலத்தில் அதே கதிரையில் இருந்ததன் பெயர் 'என்டிஎல்டிஆர்'. அதைக் காணவில்லை என்று கத்திய பெட்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஆட்கள்தான் மாறினார்கள், காணாமல் போகிற பழக்கம் மாறவில்லை.

கடையைப் பற்றி ஒரு வார்த்தை. குச்சவெளியில் பிரதான வீதியோரம் ஒரு சின்னக் கொமினிகேசன். போட்டோப் பிரதி, ரைப்பிங், லமினேற்றிங், ஒன்லைன் விண்ணப்பம், கல்யாணக் காட், அந்தியேட்டி மலர். திருகோணமலை ரவுணுக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் என்பதால் இந்தப் பக்கத்து ஆட்களின் பாதிக் காகிதம் என் பெட்டிக்குள்தான் பிறக்கிறது. அந்தப் பெட்டி 2016இல் வாங்கியது, ஆறாம் தலைமுறை ஐ3. உள்ளே சுழலுகிற பழைய வகை ஹாட் டிஸ்க்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் பத்துக்கான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் முடிந்தது. திரையில் ஒவ்வொரு நாளும் அதைப் பற்றி ஓர் அறிவித்தல் வந்து நிற்கும். விண்டோஸ் பதினொன்றுக்கு ஏறச் சொல்லும். ஆனால் அதற்குக் குறைந்தது எட்டாம் தலைமுறைப் புரொசசர் வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும், செக்கியூர் பூட் வேண்டும். என் பெட்டியிடம் மூன்றும் இல்லை. ஆற்றில் தண்ணீர் இருக்கு, இறங்க வழியில்லை என்கிற நிலை.

சித்தி மகன் நிலாவெளியில் இருந்து வந்தான். ஐ.ரி. படிக்கிறான். "அண்ணா, அதெல்லாம் சும்மா சொல்றது. சுத்திப் போக வழி இருக்கு" என்றான். வழி இருப்பது உண்மைதான். மைக்ரோசொப்ட் அதற்குப் பொறுப்பு நிற்காது என்பதும் உண்மை. பின்னேரம் ஐந்து மணிக்கு மேம்படுத்தலைத் தொடக்கினோம். பெட்டி ஒரு தரம் மீள எழும்பி, திரை முழுக்கக் கறுப்பாகி, நடுவில் வட்டமும் வீதக் கணக்குமாக ஓடத் தொடங்கியது. 31 வீதத்தில் நிற்கும்போது வடகீழ்க் காற்றுக்கு எங்கேயோ தென்னோலை வயரில் விழுந்தது. கரண்ட் போனது. யூபிஎஸ் மூன்று தரம் பீப் அடித்துவிட்டுத் தானும் போனது. அதன் பற்றரி செத்து எவ்வளவு காலமோ, நான் பார்க்கவில்லை. அது என் பிழை.

(2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் முட்டியதில் முழு நாடும் இருண்டது ஞாபகம் இருக்கும். குரங்குக்கே அவ்வளவு செய்ய முடியும் என்றால் தென்னோலைக்கு ஒரு கொமினிகேசன் எம்மாத்திரம்.)

ஒன்றரை மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது. எம்ஜிஆரைக் காணவில்லை.

தம்பியின் முகம் மாறிவிட்டது. "போர்மட் அடிப்பம் அண்ணா" என்றான். இந்த ஒரு சொல்லில்தான் எனக்குச் சன்னதம் வரும். மூன்று வருஷத்துக்கு முன் இதே பெட்டி ஒரு காலையில் எழும்பாமல் போனபோது ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. "போர்மட் அடிச்சா சரி" என்றார்கள். அடித்தார்கள், சரியாகத்தான் வந்தது. டி டிரைவில் இருந்தவை தப்பின. டெஸ்க்ரொப்பில் போட்டு வைத்திருந்த நாலு வருஷத்துக் கோயில் திருவிழாப் படங்கள், பாடசாலை விளையாட்டுப் போட்டிப் படங்கள் எல்லாம் போயின. டெஸ்க்ரொப் என்பது சி டிரைவுக்குள் இருக்கிற ஒரு கோப்புறை என்று அன்றைக்குத்தான் பலருக்கும் விளங்குகிறது.

வீட்டுக்கு வந்து தப்பிய கோப்புகளைத் திறந்தால் அடுத்த அதிர்ச்சி. 'தமிழ்' என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. பத்து வருஷத்துக் கடிதங்கள் முழுக்க இப்படி. வைரஸ் என்று நினைத்து ஓர் இரவு நித்திரை இல்லை. விசயம் என்னவென்றால் அவை எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. போர்மட்டோடு பாமினியும் போய்விட்டது. யூனிகோட் வந்து எத்தனையோ வருஷமாகியும் எங்கள் பக்கத்து அச்சகங்களும் கொமினிகேசன்களும் பாமினியை விடவில்லை. அந்த எழுத்துருவை மறுபடி ஏற்றினதும் எல்லாம் தமிழாகிவிட்டது. உங்களுக்கும் இப்படி நடந்தால் அழ வேண்டாம், எழுத்துருவைத் தேடுங்கள்.

அதனால் இந்தத் தரம் தம்பியிடம் சொன்னேன், "முதலில் அது என்ன சொல்லுது எண்டு வாசிப்பம்."

புல்மோட்டை பஸ்ஸுக்குக் குச்சவெளிச் சந்தியில் நின்றவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். பஸ் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? நிலாவெளியில் இருக்கிற ஆளுக்குப் போன் அடித்து, உங்களைத் தாண்டிச்சுதா என்று கேட்போம். தாண்டியிருந்தால் இறக்கக்கண்டிக்கும் கும்புறுப்பிட்டிக்கும் இடையில் எங்கேயோ நிற்கிறது. தாண்டவில்லை என்றால் ரவுணை விட்டே வெளிக்கிடவில்லை. கொம்பியூட்டர் எழும்புவதும் அப்படித்தான். பொத்தானை அமத்தினதும் முதலில் தாய்ப்பலகையில் உள்ள பயோஸ் தன் உறுப்புகளைத் தொட்டுப் பார்க்கும். பிறகு டிஸ்கின் முதல் துண்டைப் படிக்கும். அந்தத் துண்டு மொத்தமே 512 பைட், அதில் நிரலுக்கு 446 பைட்தான். இந்தப் பதிவின் பெரும்பாலான பந்திகள் அதற்குள் அடங்கா. அது எந்தப் பிரிவில் இருந்து தொடங்குவது என்று பார்த்து அந்தப் பிரிவின் முதல் துண்டிடம் வேலையைக் கொடுக்கும். அது எம்ஜிஆரைத் தேடும். எம்ஜிஆர் 'பிசிடி' என்கிற தன் கொப்பியைத் திறந்து விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்து 'வின்லோட்' என்பவரைக் கூப்பிடுவார். அவர்தான் கேர்னலை எழுப்புவார். இது பழைய பயோஸ் பெட்டியின் கதை. புதிய யூஈஎஃப்ஐ பெட்டிகளில் நடுவில் ஓரிரு தரிப்பிடம் குறையும், வழி ஒன்றுதான்.

ஒவ்வொரு பிழைச் செய்தியும் ஒரு தரிப்பிடத்தில் இருந்து வருகிற போன். திரையே இல்லாமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் பஸ் இன்னும் டிப்போவில், பெரும்பாலும் ராம். கடற்கரை ஊர்களில் ராம் துண்டின் பல்லில் உப்புக்காற்றுப் படிந்து இந்தக் கூத்து அடிக்கடி நடக்கும். கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெல்லத் தேய்த்துப் போட்டாலே பாதிப் பெட்டி எழும்பும். "பூட் டிவைஸ் இல்லை" என்றால் பயோஸ் டிஸ்கையே காணவில்லை, கேபிளைப் பாருங்கள். எம்ஜிஆரைக் காணவில்லை என்றால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது, அல்லது ஏதோ ஒரு டிஸ்க் உயிரோடு இருக்கிறது. நீலத் திரை வந்தால் கேர்னல் வரை வந்துவிட்டது, பிறகுதான் விழுந்தது. நீலம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். 2025இல் இருந்து விண்டோஸ் பதினொன்றில் அதைக் கறுப்பாக்கிவிட்டார்கள்.

"ஏதோ ஒரு டிஸ்க்" என்றேனே, அங்கேதான் விசயம் இருந்தது. பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு பென் ட்ரைவ் செருகியபடி கிடந்தது. யாரோ போட்டோப் பிரதிக்குக் கொண்டுவந்து மறந்துவிட்டுப் போனது. தம்பி கரண்ட் வந்ததும் பயோஸுக்குள் போய் யூஎஸ்பியை முதலாவதாக வைத்திருக்கிறான். விண்டோஸில் என்டிஎஃப்எஸ் முறையில் போர்மட் பண்ணின பிரிவின் முதல் துண்டில் அந்த 'எம்ஜிஆரைக் காணவில்லை' வசனம் எழுதித்தான் இருக்கும். பெட்டி பென் ட்ரைவிடம் போய் விண்டோஸ் கேட்டிருக்கிறது. அது தனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது.

பென் ட்ரைவைப் பிடுங்கினேன். பெட்டியை மறுபடி போட்டேன்.

இப்போது வேறு செய்தி. நீலப் பின்னணிதான், ஆனால் கேர்னல் விழுகிற அந்த நீலத் திரை இல்லை; பெட்டியைத் திருத்த வேண்டும் என்று ஒரு வசனம், கீழே ஓர் இலக்கம். பூச்சியம் எக்ஸ் சி என்று தொடங்கி, ஆறு பூச்சியம் வரிசையாக நின்று, கடைசியில் ஓர் ஈ. "அண்ணா, இன்னும் மோசமாப் போச்சு" என்றான் தம்பி. இல்லை. செய்தி மாறினால் பஸ் அடுத்த தரிப்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். எம்ஜிஆர் வந்துவிட்டார், கொப்பியைத் திறந்துவிட்டார். கொப்பியில் எழுதியிருக்கிற முகவரிக்குப் போனால் அங்கே வீடு இல்லை. மேம்படுத்தல் நடக்கும்போது அந்த முகவரியைத் தற்காலிகமாக ஓர் இடத்துக்கு மாற்றி எழுதுவார்கள், வேலை முடிந்ததும் திருப்பி எழுதுவார்கள். நடுவில் தென்னோலை விழுந்துவிட்டது. கடைசி எழுத்து ஈயாக இல்லாமல் எஃப் ஆக இருந்திருந்தால் கொப்பியையே வாசிக்க முடியவில்லை என்று எடுத்திருப்பேன்.

போனில் திரையைப் படம் எடுத்து வைத்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும். சிலவேளை செய்தி ஒரு தரம்தான் வரும், அடுத்த தரம் வேறொன்று வந்தால் முதலாவது மறந்துபோகும்.

அடுத்த தேவை, விண்டோஸ் பத்தின் நிறுவல் பென் ட்ரைவ் ஒன்று. எட்டு ஜீபீ போதும், ஆனால் உயிரோடு இருக்கிற இன்னொரு கொம்பியூட்டரில்தான் செய்ய வேண்டும். தம்பி தன் லப்டொப்பை எடுத்துக்கொண்டு வந்திருந்தது நல்லதாகப் போயிற்று. போன் டேற்றாவில் அந்த மழைக்குள் இறக்கி முடிக்க இரவு பதினொன்றரை. செயலாளர் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. வாங்கில் சாய்ந்தபடி, "எங்கட கணக்கு உள்ளுக்க கிடக்கோ தம்பி, இல்லையோ? அதை மட்டும் சொல்லு" என்றார். நல்ல கேள்வி. முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். பெட்டி எழும்புவது பிறகு, உள்ளே இருப்பது இருக்கிறதா என்பது முதல்.

அதற்கு ஒரு கள்ள வழி இருக்கிறது. நிறுவல் பென் ட்ரைவில் பெட்டியை எழுப்பி, 'இன்ஸ்டால்' பொத்தானைத் தொடாமல், கீழ் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கிற திருத்தும் தெரிவைப் பிடித்துக் கட்டளைத் திரைக்குப் போங்கள். அங்கே 'நோட்பாட்' என்று அடியுங்கள். வெறும் நோட்பாட்தான் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் என்று போய், எல்லா வகைக் கோப்புகளையும் காட்டச் சொன்னால் முழு டிஸ்கும் கண்ணுக்குத் தெரியும். கோப்பை வலது சொடுக்கிப் பிரதி எடுத்து, வெளி டிஸ்கில் ஒட்டலாம். யாரும் இதற்கென்று செய்து வைத்த வசதி இல்லை, ஆனாலும் வேலை செய்யும். டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும், பயப்பட வேண்டாம். வழக்கமான சி அங்கே டி ஆக நிற்கலாம். 'யூசர்ஸ்' கோப்புறை வெறுமையாக இருந்தால் 'விண்டோஸ் டொட் ஓல்ட்' என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள், மேம்படுத்தல் பாதி தாண்டியிருந்தால் உங்கள் சாமான் அதற்குள் இருக்கும். லப்டொப்பில் பிட்லொக்கர் பூட்டு விழுந்திருந்தால் மட்டும் 48 இலக்கத் திறப்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது. அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்குக்குள் சேமித்துக் கிடக்கும்.

கணக்கறிக்கை கிடந்தது. டெஸ்க்ரொப்பில். அதை வெளி டிஸ்கில் ஒட்டினதும் அண்ணன் எழும்பி ஒரு பிளேன்ரீ போட்டுக் குடித்தார்.

அதற்குப் பிறகுதான் திருத்த வேலை. பழைய விண்டோஸ் பத்து தன் இடத்திலேயே இருந்தது, வின்லோட் உட்பட. புதியது மறைவான ஒரு தற்காலிகக் கோப்புறைக்குள் பாதியில் கிடந்தது. அப்படியென்றால் முகவரியைத் திருப்பி எழுதினால் போதும். சில நூறு எம்பீ அளவில் இருக்கிற சின்னப் பிரிவுதான் எம்ஜிஆரின் வீடு, அது அங்கே சி. கட்டளை ஒரே வரி: பிசிடிபூட், ஓர் இடைவெளி, டி முக்காற்புள்ளி, பின்சாய்வு, விண்டோஸ், ஓர் இடைவெளி, முன்சாய்வு, எஸ், ஓர் இடைவெளி, சி முக்காற்புள்ளி. உங்கள் பெட்டியில் எழுத்துகள் வேறாக இருக்கலாம், பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அடித்ததும் பூட் கோப்புகள் செய்தாயிற்று என்று ஒரு வரி வந்தது. எவ்வளவு அடக்கமான வரி. பென் ட்ரைவைக் கழற்றிவிட்டுப் போட்டேன். 12.20க்கு விண்டோஸ் பத்தின் நீல ஜன்னல். பிறகு 'செக்டிஸ்க்' ஓடவிட்டேன், கரண்ட் போய்ப் பாதியில் நின்ற டிஸ்கை அது இல்லாமல் நம்பக் கூடாது.

எல்லாப் பெட்டிக்கும் இந்த ஒரு வரி போதும் என்று சொல்ல வரவில்லை. மருந்து நோய்க்கு ஏற்றபடி. 2024 யூலை 19ஆம் திகதி உலகம் முழுக்க 85 இலட்சம் விண்டோஸ் பெட்டிகள் நீலத் திரையில் விழுந்தனவே, விமானங்கள்கூட நின்றனவே, அதற்கு பிசிடிபூட் ஒன்றும் செய்திருக்காது. குறவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரேயொரு பிழையான இற்றைக் கோப்பு. பாதுகாப்பு நிலையில் எழுப்பி, 291 என்ற இலக்கம் பெயரில் உள்ள அந்தக் கோப்பை அழித்தால் பெட்டி எழும்பிவிடும். ஆனால் ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் கையால் அழிக்க வேண்டும். அன்றைக்கு எல்லோரும் போர்மட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இலகு. மேம்படுத்திய பிறகு 'கேர்னல் பனிக்' என்று நின்றால், எழும்பும்போது வருகிற க்ரப் பட்டியலில் மேலதிகத் தெரிவுகளுக்குள் போய்ப் பழைய கேர்னலைத் தெரிவு செய்யுங்கள். அது முந்தியதை எறியாமல் வைத்திருக்கும்.

மேம்படுத்தவே கூடாது என்று இந்தக் கதையில் இருந்து யாரும் எடுக்கக் கூடாது. 2023இல் எங்கள் அரசாங்க மின்னஞ்சலுக்கு நடந்தது அதற்குப் பதில். லங்கா கவர்ன்மென்ற் கிளவுட்டில் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. பணம் இல்லை என்று புதுப்பிப்பது தள்ளிப் போனது. கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தது. சேமிப்புப் பிரதியும் அதோடு சேர்ந்து பூட்டுப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போயின, அமைச்சரவை அலுவலகத்தினுடையதும் சேர்த்து. வேறு இடத்தில் ஒரு பிரதி இருந்திருந்தால் அது ஒரு நாள் செய்தி.

என் கடையிலும் அன்றைக்கு வேறு இடத்தில் பிரதி இருக்கவில்லை. இரண்டு வருஷமாக லாச்சிக்குள் சும்மா கிடந்த வெளி டிஸ்கைத்தான் அந்த இரவு எடுத்தேன்.

காலையில் எட்டு மணிக்குக் கணக்கறிக்கை அறுபது பிரதி அடித்தேன். அண்ணன் பணம் எண்ணித் தந்துவிட்டு, படியில் இறங்கும்போது திரும்பி, "எம்ஜிஆரைக் கண்டுபிடிச்சதுக்கு எவ்வளவு?" என்றார். வாங்கவில்லை.

பெட்டி இன்னும் விண்டோஸ் பத்தில்தான் ஓடுகிறது. நீடித்த பாதுகாப்பு இற்றைப்படுத்தலுக்குப் பதிவு செய்துவிட்டேன், அமைப்புகளைக் கணக்கோடு ஒத்திசைய விட்டால் காசு கேட்பதில்லை, 2026 ஒக்டோபர் 13 வரை வரும். யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பற்றரியும் போட்டாயிற்று. பென் ட்ரைவ் மறந்துவிட்டுப் போனவர் இன்னும் வரவில்லை. கறுப்பு நிறம், சிவப்பு நூல் கட்டியது, உள்ளே ஒரு பிறந்தநாள் படங்கள். உங்களுடையது என்றால் கடைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டி எழும்பாவிட்டால் "வேலை செய்யுதில்லை" என்று மட்டும் எனக்கு எழுதாமல், திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.